52 வயதில் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போவது சரியா? பரணில் இருப்பதை எல்லாம் என்ன செய்வது?

மடிப்பாக்கம் வாசகி

வணக்கம். நான் இங்கே எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். இந்த விஷயத்தை யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்று இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு 52, வீட்டுக்காரருக்கு 55. மடிப்பாக்கத்தில் 1,400 சதுர அடியில் மூன்று பெட்ரூம் ஃப்ளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 2008இல் வாங்கினோம், கடன் 2023இல் அடைந்தது. மகன் புனேவில் வேலையில் இருக்கிறான், மகள் கோவையில் மேல்படிப்பு. மாமியார் 19 வருடம் எங்களோடுதான் இருந்தார், போன ஆவணியில் தவறிவிட்டார். ஆக இத்தனை பெரிய வீட்டில் இப்போது நாங்கள் இரண்டே பேர். மகன் அறையைப் பெருக்குவதற்காக மட்டும் திறக்கிறேன், பெருக்கிவிட்டுச் சாத்திவிடுகிறேன்.

இதற்கு நடுவில் வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். 24 வருடம் இருந்தவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இப்போது ஒரு சின்ன இடத்தில் கணக்குப் பார்க்கப் போகிறார், முன்பு வாங்கியதில் பாதி வருகிறது. கடன் இல்லை, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. ஆனால் மகள் படிப்பு இருக்கிறது, அவள் கல்யாணம் இருக்கிறது, எங்கள் வயதும் இருக்கிறது. அவர் சொல்வது இதுதான்: இந்த ஃப்ளாட்டை விற்றுவிட்டு நங்கநல்லூர், குரோம்பேட்டைப் பக்கம் லிஃப்ட் உள்ள இரண்டு பெட்ரூம் வீட்டுக்குப் போய்விடலாம், காரையும் கொடுத்துவிடலாம், மிச்சத்தை வங்கியில் போட்டு வட்டியில் நிம்மதியாக இருக்கலாம். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறி இறங்குவது இனிமேல் குறையப் போவதில்லையே.

ஆனால் போன வாரம் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறிப் பார்த்தேன். பார்த்துவிட்டு இறங்கி ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து ட்ரங்க் பெட்டி நிறையக் கொலு பொம்மை, ஒவ்வொன்றும் மாமனாரின் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றியது. ஒன்பது படி கொலு வைத்த காலம் போய் நாங்கள் இப்போது மூன்று படிதான் வைக்கிறோம். இரண்டு அண்டா, ஒரு பெரிய பித்தளைத் தவலை, வெங்கலப் பானை, ஈயச்சொம்பு, நான்கு குத்துவிளக்கு. பிள்ளைகளின் எல்.கே.ஜி. நோட்டு முதல் பத்தாம் வகுப்பு விடைத்தாள் வரை. பிரித்தே பார்க்காத கல்யாணப் பரிசு டின்னர் செட் மூன்று. ஓடாத மிக்ஸி இரண்டு.

அந்தத் தவலையின் கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக மாமியார் பெயரும் 12-6-1969 என்ற தேதியும் வெட்டியிருக்கிறது. அவர் கல்யாணத்துச் சீர் என்று நினைக்கிறேன். பாசி பிடித்தது போலப் பச்சை ஏறிக் கிடக்கிறது. கையால் துடைத்துப் பார்த்தேன், எழுத்து அப்படியே இருக்கிறது. அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடு என்று யாராவது சொன்னால் என்னால் முடியாது. அதே சமயம் 850 சதுர அடி வீட்டில் அது எங்கே போகும்?

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வீட்டை மாற்றினால் உண்மையிலேயே கையில் பணம் நிற்குமா? இன்னொன்று, இந்தச் சாமான்களை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் நல்லதோ கெட்டதோ நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்

மேடம், உங்கள் நிலைமையில்தான் 2024 நவம்பரில் நான் இருந்தேன், அதனால் கணக்கை மறைக்காமல் போடுகிறேன்.

நானும் 2008 கடைசியில் வாங்கியவன். பத்திரச் செலவெல்லாம் சேர்த்து 38 லட்சம். விற்றது 95 லட்சத்துக்கு. புதிதாக வாங்கிய 860 சதுர அடி ஃப்ளாட், ஏழு வருடப் பழசு, 62 லட்சம். வீட்டில் பேசும்போது 33 லட்சம் மிஞ்சும் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பழைய ஃப்ளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. அதிலேயே 5 லட்சத்து 58 ஆயிரம் போயிற்று. விற்ற இடத்திலும் வாங்கிய இடத்திலும் தரகுக்கு ஒரு சதவீதம், அது ஒன்றரை லட்சத்துக்கு மேல். புது வீட்டில் அலமாரி, பெயின்ட், பாத்ரூம் குழாய், கொசு வலை என்று நான்கு லட்சம். சாமான் ஏற்றி இறக்கியது முதல் கேஸ் இணைப்பு மாற்றியது வரை இன்னொரு முப்பதாயிரம். கடைசியில் கையில் நின்றது 21 லட்சத்துச் சொச்சம். அதுவும் பெரிய பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் 33 லட்சத்துக்கு வட்டிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வரி விஷயத்தில் நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. இதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய வீட்டை நாம் விற்றால், லாபத்துக்கு 12.5 சதவீதம் கட்டலாம். இல்லாவிட்டால் பழைய முறைப்படி வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் ஏற்றிக்கொண்டு மிச்சத்துக்கு 20 சதவீதம் கட்டலாம். எது குறைவோ அது. 2008-09க்குக் குறியீட்டு எண் 137, நான் விற்ற 2024-25க்கு 363. என் 38 லட்சத்தை அந்த விகிதத்தில் ஏற்றினால் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது, விற்றதோ 95. ஆக லாபமே இல்லை, வரியும் இல்லை. உங்கள் வீட்டுக்கு லாபம் வந்தால்கூட, இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. விற்ற பணம் முழுவதையும் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், லாபத் தொகையைப் போட்டால் போதும். ஆனால் அந்தப் புது வீட்டை மூன்று வருடம் விற்கக் கூடாது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார், அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எதற்கும் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள்.

மாதச் செலவு குறைந்தது நிஜம். பராமரிப்புக்கு 4,200 கட்டியவன் இப்போது 2,300 கட்டுகிறேன். கரண்டில்தான் பெரிய வித்தியாசம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறிவிடுகிறது, பழைய வீட்டில் ஒவ்வொரு தடவையும் தாண்டினோம், இங்கே மே மாதத்தைத் தவிர தாண்டுவதில்லை. காரைக் கொடுத்ததில் எனக்கு ஒரு நாள்கூட வருத்தம் வந்ததில்லை. ஸ்டேஷன் நடக்கிற தூரம், தாம்பரம் பீச் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது.

ஒன்றே ஒன்று தப்பாகச் செய்தேன். வீட்டை முதலில் முடிவு செய்துவிட்டுச் சாமானைப் பிறகு பார்க்கலாம் என்று இருந்தோம். பத்திரப் பதிவுக்குப் பிறகு 20 நாளில் காலி செய்ய வேண்டி வந்தது. கடைசி நான்கு நாள் ராத்திரி இரண்டு மணி வரை எது என்று பார்க்காமலே தூக்கிக் கொடுத்தோம். என் அப்பாவின் மூக்குக் கண்ணாடி வைத்திருந்த மேஜை இழுப்பறை அப்படியே மேஜையோடு போய்விட்டது. வாங்கிப் போனவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன், அவர் அதை அன்றைக்கே வேறொருவருக்கு விற்றுவிட்டிருந்தார். அதனால் சொல்கிறேன், முதலில் பரண், அப்புறம்தான் வீடு. பரண் காலியான பிறகு உங்களுக்கு எத்தனை சதுர அடி வேண்டும் என்று நீங்களே சொல்வீர்கள்.

வேளச்சேரி ரயிலடி

விற்காதீர்கள் அக்கா, இப்போதைக்கு வேண்டாம். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ வழித்தடம் உங்கள் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகத்தான் வருகிறது. இப்போது ரோடு தோண்டிக் கிடக்கும் நேரத்தில் வீடு பார்க்க வருகிறவன் அந்தத் தூசியைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வான். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, லிஃப்ட் உள்ள சின்ன வீட்டை 11 மாத ஒப்பந்தத்தில் எடுத்து இருந்து பாருங்கள். பிடித்தால் விற்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். 9 சதவீதம் கட்டிவிட்டு வாங்கிய வீட்டிலிருந்து திரும்ப முடியாது.

இன்னொரு விஷயம், யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். அண்ணன் பழைய கம்பெனியை விட்டு வந்தபோது அவர்கள் கொடுத்த மருத்துவக் காப்பீடும் அதோடு போயிருக்கும். புதிதாக எடுத்தாகிவிட்டதா? ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பது விதி, ஆகவே 55இல் எடுப்பதும் 58இல் எடுப்பதும் ஒன்றல்ல. வீடு, கார், பாத்திரம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடியுங்கள்.

மடிப்பாக்கம் வாசகி

குரோம்பேட்டை சார், இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், பேப்பர் எடுத்து நம் வீட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். தம்பி, காப்பீடு இன்னும் எடுக்கவில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாலு மாதம் ஓடிவிட்டது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்த வாரமே எடுக்கிறோம்.

மனசு விஷயத்தை யாரும் தொடவில்லையே.

முடிச்சூர் மழை

நான் தொடுகிறேன். என்னிடமிருந்து எல்லாமே ஒரே ராத்திரியில் போனது, 2015 டிசம்பர் 1.

எங்கள் வீடு தரைத்தளம். ராத்திரி பத்து மணிக்கு வாசல் படியில் இருந்த தண்ணீர், விடிவதற்குள் இடுப்பு வரை வந்துவிட்டது. மாடி வீட்டில் ஏறிக்கொண்டோம். மூன்று நாள் கழித்துக் கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே கணுக்கால் வரை சேறு, பீரோ மல்லாந்து கிடந்தது. கல்யாணப் பட்டுப்புடவையைப் பிரித்தேன், அரக்கு நிறம் முழுக்க இறங்கி ஜரிகையெல்லாம் சேறு கோத்திருந்தது. பிழியப் பிழியச் சிவப்பாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஃப்ரிட்ஜ், மெத்தை, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் தெருவுக்குப் போனது. தெரு முழுக்க எல்லா வீட்டு மெத்தையும் கிடந்தது. சான்றிதழ்களைத் துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தேன். போனவற்றுக்கு அரசு நடத்திய சிறப்பு முகாமில் நகல் வாங்கினோம்.

பத்து வருடம் ஆகிறது. இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த ஃப்ரிட்ஜோ சோஃபாவோ என்ன நிறம் என்றுகூட நினைவில்லை. பட்டுப்புடவைக்கு ஒரு வருடம் அழுதேன், அதுவும் அடங்கிவிட்டது. இன்றைக்கும் அடங்காதது ஒன்றே ஒன்று. அம்மாவின் 40 பக்க நோட்டு, வத்தக்குழம்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பிரசவ லேகியம், பால்காரர் கணக்கு எல்லாம் அவள் கையெழுத்தில் கலந்து கலந்து எழுதியிருப்பாள். மை கரைந்து வெறும் நீலப் பக்கமாகக் கிடைத்தது. அதை ஒரு தடவை போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

அதனால் அக்கா, என் அனுபவத்தில் சாமானைப் பற்றிப் பயப்படவே வேண்டாம், போனால் மனசு ஆறிவிடும். கையெழுத்தை மட்டும் விடாதீர்கள். பிள்ளைகளின் நோட்டில் ஆளுக்கு ஐந்து பக்கம் எடுத்து வையுங்கள், மாமியார் எழுதிய மளிகை லிஸ்ட் ஒன்று எங்காவது கிடந்தால் எடுத்து வையுங்கள், விடைத்தாள்களைப் பேப்பர் கடைக்குப் போடுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு நாலே நாலு பாத்திரத்தோடு எட்டு மாதம் குடித்தனம் செய்தோம், என் வாழ்க்கையில் வீட்டு வேலை அவ்வளவு லேசாக இருந்ததே இல்லை. ஆனால் 2019க்குள் வீடு மறுபடி நிரம்பிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்குப் போனால் ஒரு தட்டு, வளைகாப்புக்குப் போனால் ஒரு டப்பா, ஆடித் தள்ளுபடியில் ஒரு பெட்ஷீட், இப்படியே. கழிப்பதைவிட உள்ளே வராமல் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது புதிதாக ஒன்று வாங்க வேண்டுமானால் பழையது ஒன்றை முதலில் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன்.

மூட்டு வலி என்று தரைத்தளம் மட்டும் பார்க்காதீர்கள். 2023 மிக்ஜாம் புயலில் உங்கள் மடிப்பாக்கத்திலேயே எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். புது இடத்தில் வீடு பார்க்கும்போது தரகரைக் கேட்காமல், தெரு முனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அவர் காட்டுவார்.

பாத்திரக்கடை வாரிசு

தாத்தா காலத்திலிருந்து பாரிமுனைப் பக்கம் பாத்திர வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. பரண் பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் எடைக்குப் போட்டு ஏமாறுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

வெண்கலமும் பித்தளையும் வேறு வேறு. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. அழுக்கு ஏறிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், வாங்குகிறவர் எல்லாவற்றையும் பித்தளை விலைக்கே எடை போடுவார். விரல் மடக்கி விளிம்பில் தட்டிப் பாருங்கள், வெண்கலம் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்த ஈயச்சொம்பை விற்கவே விற்காதீர்கள். அது அசல் வெள்ளீயமாக இருந்தால் எடைக்கு எடை செம்பைவிட விலை அதிகம். ஆனால் நான் சொல்வது அதற்காக இல்லை, அதில் வைக்கிற ரசம் வேறு எதிலும் வராது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, முதலில் புளித்தண்ணீர் அப்புறம் நெருப்பு. பழைய சொம்பு பரணில் கிடந்து கறுத்திருந்தால் அது காரீயம் கலந்ததா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டு உபயோகியுங்கள், காரீயம் (இங்கிலீஷில் லெட்) உடம்புக்கு ஆகாது.

தவலையை உள்ளே கலாய், அதாவது வெள்ளீயப் பூச்சு, பூசிவிட்டால் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். பால்கனியில் செடி வைக்கிறவர்களும் உண்டு, எனக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் எடைக்குப் போடுவதைவிட அது மேல். பெயர் வெட்டிய பாத்திரம் எங்கள் கடைக்கு வந்தால் அப்பா ஒரு கேள்வி கேட்பார், வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா என்று. தெரியாது என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு நாள் கழித்து வேறொரு பெண் அழுதுகொண்டே வந்து, அம்மா பாத்திரம் இங்கேதான் வந்ததா என்று கேட்டதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். உருக்கப் போன பிறகு என்ன செய்ய முடியும்?

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மெத்தை, சோஃபாவுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஆள் வந்து எடுத்துப்போக வழி சொல்வார்கள். பழைய பருத்திப் புடவை, வேட்டி, பெட்ஷீட்டைத் துவைத்துக் கொடுத்தால் விலங்குக் காப்பகங்களில் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். போகிக்கு எரிக்கலாம் என்று மட்டும் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சில வருடங்களில் அந்தப் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியாமல் போயிருக்கிறது, அந்தப் புகைதான் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் உள்ளே போகிறது. பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலில் எழுதியது சொற்களைப் பற்றி, டயரைப் பற்றி இல்லை.

மாமனார் வைத்திருந்த பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் ஏதாவது பெட்டியில் இருந்தால் பேப்பர் கடைக்குப் போடும் முன் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். கோட்டையூரில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்துதான் 1994இல் அந்த நூலகமே வந்தது.

பெரும்பாக்கம் பொண்ணு

எனக்கு 26 வயது, உங்கள் மகள் இடத்திலிருந்து எழுதுகிறேன் ஆன்ட்டி. அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பரணில் எனக்காக என்றே அம்மா ஒரு பெட்டி வைத்திருக்கிறார். எவர்சில்வர் சம்புடம், குக்கர் இரண்டு, வெள்ளி முலாம் பூசிய தாம்பாளம், ஒவ்வொரு அட்சய திருதியைக்கும் ஏதோ ஒன்று சேரும். நானோ இரண்டு தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன், மூன்று வருடத்தில் மூன்று வீடு மாறியாகிவிட்டது. எனக்கு அது வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, அது அவருடைய பாசம் என்று எனக்குத் தெரியும்.

போன பொங்கலுக்கு அம்மாவே கேட்டார், இதில் உனக்கு உண்மையிலேயே என்ன வேண்டும் என்று. அவர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டியின் பித்தளைக் காபி ஃபில்டர் மட்டும் கேட்டேன். மேல் மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், அதனால் டிகாக்‌ஷன் இறங்கும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். இப்போது அது என் அடுப்பங்கரையில் இருக்கிறது. மீதி எல்லாம் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனது, யாருக்கும் வருத்தமில்லை.

மகனையும் மகளையும் வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டிக் கேளுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று நீங்களே அவர்களுக்காக முடிவு செய்யாதீர்கள். அங்கிள் வேலை விஷயத்தையும், வருமானம் பாதியானதையும் அவர்களிடம் முழுசாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பா ஒன்றரை வருடம் மறைத்தார். தெரிந்திருந்தால் அந்த ஒன்றரை வருடமும் நான் வீட்டுக்குப் பணம் அனுப்பியிருப்பேன், அதை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

மடிப்பாக்கம் வாசகி (இரண்டு மாதம் கழித்து)

கேட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லவே வந்தேன்.

காப்பீடு எடுத்தாகிவிட்டது, இரண்டு பேருக்கும். பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மகன் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "ஏம்மா இத்தனை நாள் சொல்லலை" என்று மட்டும் கேட்டான். மறுநாளிலிருந்து தினமும் அப்பாவுக்குப் போன் செய்கிறான், முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

பரண் முக்கால்வாசி காலி. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டோம். டின்னர் செட் மூன்றும் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் போய்விட்டது. கொலு பொம்மையில் தசாவதாரம், செட்டியார் பொம்மை, மரப்பாச்சி ஜோடி மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் புதிதாகக் கல்யாணமாகி முதல் கொலு வைக்கப் போகிற எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். பொம்மை சுற்றியிருந்த வேட்டித் துணியையும் அவள் அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்றாள். பிள்ளைகள் நோட்டிலிருந்து ஆளுக்கு ஐந்து பக்கம் எடுத்தேன். மாமியார் கையெழுத்தில் ஒரு வெற்றிலைப் பாக்கு லிஸ்ட் கிடைத்தது, முடிச்சூர் சகோதரி சொன்னதால்தான் தேடினேன்.

ரோஜா முத்தையாவுக்குக் கொடுக்கிற மாதிரி எதுவும் எங்கள் பெட்டியில் இல்லை.

வீட்டைப் பொறுத்தவரை இப்போதைக்கு விற்கவில்லை. நம் ஃப்ளாட்டை 24,000க்கு வாடகைக்குக் கேட்கிறார்கள். நங்கநல்லூரில் லிஃப்ட் உள்ள இரண்டு பெட்ரூம் வீடு 19,000க்குப் பார்த்து வைத்திருக்கிறோம், முதல் மாடி, 11 மாதம். கையில் பெரிதாக மிஞ்சாது, தெரியும். ஆனால் கார் செலவும் கரண்டும் குறையும், கோயில், காய்கறிக் கடை, மெட்ரோ ஸ்டேஷன் எல்லாம் பக்கத்தில். இஸ்திரி போடுகிறவரைக் கேட்டோம். 2023இல் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றதாம், உள்ளே வரவில்லையாம்.

அந்தத் தவலை. பாத்திரக்கடை வாரிசு எழுதியதைப் படித்த பிறகுதான் நாத்தனார்கள் இரண்டு பேரையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டேன். எல்லாப் பாத்திரத்தையும் ஹாலில் பாய் விரித்து வைத்தேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சின்னவர் ஒரு குத்துவிளக்கும் வெங்கலப் பானையும் எடுத்துக்கொண்டார். பெரிய நாத்தனார் தவலைப் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றி அந்தப் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். தேதி வந்ததும் விரல் நின்றுவிட்டது. அது கல்யாணத் தேதியே இல்லை. அவர் பிறந்து, மூன்றாம் மாதம் மாமியார் பிறந்த வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்த நாளாம், அம்மா வீட்டில் அன்றைக்குக் கொடுத்தனுப்பிய தவலையாம். 24 வருடமாக இந்த வீட்டு மருமகள் நான், எனக்குத் தெரியாது. அவர் தம்பிக்கும் தெரியாது.

அவர் ஆட்டோவில் மடியில் வைத்துத்தான் எடுத்துப் போனார். இப்போது ஒரு உதவி வேண்டும். அவருக்குப் பம்மலில் வீடு, பல்லாவரம், பம்மல் பக்கம் கலாய் பூசுகிறவர் யாராவது இன்னும் இருக்கிறாரா? முன்பெல்லாம் தெருவிலேயே வருவார்கள், இப்போது கேட்ட இடத்திலெல்லாம் தெரியாது என்கிறார்கள். ஈயச்சொம்பு என்னிடம்தான் இருக்கிறது, அதையும் அந்தக் கலாய்க்காரரிடமே காட்டிக்கொள்ளலாம்.